எடுத்தாச்சு

கண்ணில் விழுந்த தூசியை எடுப்பதற்குக் காலை ஒன்பது மணி வெயிலைப் போல நல்ல வெளிச்சம் கிடையாது. அதற்கு முன் வெயில் போதாது; பிறகு கண் கூசும். ஆளைக் கிழக்கு யன்னலோரம் கதிரையில் இருத்தி, தலையைச் சுவரில் சாய்த்து, மேலிமையை ஒரு தீக்குச்சியின் மேல் மடித்துவிட்டால் தூசி தானாகவே தெரியும். நெல் உமி, அரத்தூள், பூச்சியின் இறகு, எதுவாக இருந்தாலும் நனைத்த பஞ்சு நுனியால் ஒரு தட்டு. அவ்வளவுதான். எனக்குக் கை நடுங்குவதில்லை. இப்போதும் நடுங்கவில்லை என்பதை இந்த எழுத்தைப் பார்த்தாலே நீங்கள் அறிந்துகொள்ளலாம்.

என் பெயர் கனகலிங்கம். வயது நாற்பத்தெட்டு. பரந்தனில் பிறந்தவன். நான் டொக்டர் அல்ல. பதினொரு வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கண் சத்திரசிகிச்சை அறையில் உதவியாளனாக நின்றவன். ஆயுதங்களை அவித்து அடுக்குவது, இமையை விரித்துப் பிடிப்பது, கேட்டதைக் கையில் கொடுப்பது என் வேலை. கண்ணுக்குள் இரும்புத் துண்டு போனவர்கள் வந்தால், அதை எடுக்க ஒரு மின்காந்தம் இருந்தது. நிபுணர் வெள்ளை விழியில் ஒரு சின்ன வாசல் வெட்டி, காந்தத்தின் முனையை அருகே கொண்டுபோவார். நான் கீழே இருக்கும் மிதியை அமத்துவேன். உள்ளே கிடந்த துண்டு துள்ளி வந்து முனையில் ஒட்டும். நகத்தால் கண்ணாடியைத் தட்டினாற்போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் அறையில் எல்லோரும் மூச்சு விடுவார்கள்.

உங்கள் விசாரணைக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது இதையெல்லாம் சொல்வது, எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதில் உங்களுக்குக் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக. எனக்கு எல்லாம் தெரியும். கண்ணுக்குள் இரும்பு கிடந்தால் அது கறள் பிடிக்கும், அந்தக் கறள் மெல்ல மெல்லக் கண்ணைத் தின்னும் என்று தெரியும். காயப்பட்ட கண்ணை அப்படியே விட்டால் சில பேருக்கு மற்றக் கண்ணும் அதோடு சேர்ந்து நோயில் விழும் என்றும் தெரியும். இரண்டும் உடன்பிறந்த கண்கள் என்று எங்கள் நிபுணர் சொல்வார்.

1996இல் சண்டையால் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது நானும் சனத்தோடு சனமாகக் காட்டோரம் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆஸ்பத்திரி நடந்தது. அதன் பெயரை எழுதவில்லை. அங்கே வேலை செய்தவர்கள் நல்லவர்கள், அவர்களுக்கு இதில் பங்கில்லை. கண் நிபுணர் இல்லை. மின்சாரம் இல்லை. பற்றரி வன்னிக்குள் வரத் தடை. என்னிடம் இருந்தவை ஒரு உருப்பெருக்கி, இமை விரிக்கும் கம்பி, கண்ணுக்குள் பார்க்கும் கருவி, விறைப்பு மருந்து சில குப்பி, ஒரு விரல் நீளக் கைக்காந்தம். கைக்காந்தம் மேலே ஒட்டிய அரத்தூளை எடுக்கும். உள்ளே போனதை எடுக்காது.

ஆட்கள் தூசியோடு வந்தார்கள். எடுத்துவிட்டேன். இரண்டு மாதத்துக்குள் என்னைக் கண் டொக்டர் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். முதல் நாள் ஒருவரிடம், "நான் டொக்டர் இல்லை அம்மா" என்றேன். அவர், "எங்களுக்கு நீங்கள்தானே டொக்டர்" என்றார். அதற்குப் பிறகு நான் திருத்தவில்லை. திருத்தினால் அவர்களுக்குத்தான் பயம் வரும்.

உள்ளே இரும்பு போனவர்களை அரசுப் பக்கத்திலுள்ள வவுனியா ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். செஞ்சிலுவை வண்டி ஒன்று வரும். பாதை திறந்திருந்தால் வரும். 1997 வைகாசியில் இராணுவம் முன்னேறத் தொடங்கிய பிறகு பாதை எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று ஒருவருக்கும் தெரியாது. வந்தாலும் ஆறு பேருக்குத்தான் இடம். கால் போனவர்களும் வயிற்றில் காயப்பட்டவர்களும் முன்னே கிடக்கும்போது, நடந்து வந்து கதிரையில் இருப்பவரை யார் ஏற்றுவார்கள்?

முதலில் வந்தவர் ஆண்டியப்பன். மலையகத்திலிருந்து வந்து முரசுமோட்டையில் வயல் செய்தவர், அறுபது வயதிருக்கும். ஷெல் துண்டு இடது கண்ணுக்குள் போயிருந்தது. பார்வை அடியோடு போய்விட்டது, இனி யார் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. அவர் பார்வையைக் கேட்கவும் இல்லை.

"ஐயா, அத எடுத்துடுங்க. உள்ள இரும்பு இருக்குன்னு நெனச்சா எனக்குச் சோறு எறங்கல்ல, தூக்கமும் வரல்ல. எடுத்துட்டா போதும்" என்றார்.

ஆறு நாள் தொடர்ந்து வந்து இதையே சொன்னார். ஏழாம் நாள் நான் அவரைப் படுக்கவைத்து, விறைப்பு மருந்து விட்டு, முகத்தைத் துணியால் மூடினேன். இமையை விரித்துக் கழுவினேன். பத்து நிமிடம் ஆயுதங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்துச் சத்தமெழுப்பினேன். பிறகு, முந்தினநாள் இன்னொருவரின் தொடையிலிருந்து எடுத்த ஒரு துண்டைத் தட்டத்தில் போட்டேன். அது விழுந்த சத்தத்தில் அவருடைய கை இரண்டும் தளர்ந்துபோனதைப் பார்த்தேன்.

"எடுத்தாச்சு" என்றேன்.

அவர் அன்று பின்னேரம் வராந்தாவில் படுத்து நித்திரை கொண்டார். குறட்டைச் சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. நான் ஒரு பாவமும் செய்ததாக உணரவில்லை. இன்றும் ஆண்டியப்பன் விஷயத்தில் உணரவில்லை. உங்கள் கையில் ஒன்றுமே இல்லாதபோது ஒரு மனிசனுக்கு நித்திரையாவது கொடுக்க முடிந்தால், நீங்கள் கொடுக்கமாட்டீர்களா?

அதன் பிறகு பன்னிரண்டு பேர். பெரும்பாலும் பார்வை போனவர்கள். பெரும்பாலும் என்றுதான் எழுத முடியும்.

பதினான்காவது ஆள் யூலிற்றா. அவரைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

1998 மாசி மாதம். முல்லைத்தீவுக் கரைப்பக்கத்திலிருந்து கணவர் யாக்கோப்பு அவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். யூலிற்றாவுக்கு முப்பத்தொரு வயது. கிழிந்த வலை பொத்துவதில் அந்தக் கரையில் அவரைப் போல ஆள் இல்லை என்று யாக்கோப்பு சொன்னார். வள்ளத்து நங்கூரத்தின் வளைந்த கொளுக்கியை நிமிர்த்த யூலிற்றா அதைப் பிடித்துக்கொள்ள, இவர் சுத்தியலால் அடித்திருக்கிறார். ஒரு பொறி பறந்தது. வலது கண்.

அவர் அழவில்லை. யாக்கோப்புதான் அழுதார். "என்ர கையாலதான் ஐயா அடிச்சனான். பிடி எண்டு சொல்லிப்போட்டு நான்தான் அடிச்சனான்."

"நீங்கள் கொஞ்சம் வெளியில இருங்கோவன்," என்றார் யூலிற்றா அவரிடம். பிறகு என்னிடம், "மூண்டு நாளா இவருக்குத் தண்ணி வென்னி இல்லை ஐயா. எனக்குக் கண்ணில இரும்பு, இந்த மனிசனுக்கு நெஞ்சில இரும்பு. முதல்ல எதை எடுக்கப் போறியள்?" என்று கேட்டுச் சிரித்தார்.

வெளிச்சம் புகாமல் அடைத்த அறையில் வைத்துக் கண்ணைப் பார்த்தேன். கருவிக்கு வெளிச்சம் சைக்கிள் டைனமோவிலிருந்து வரவேண்டும். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி யாரோ மிதிக்க வேண்டும். யாக்கோப்பை உள்ளே கூப்பிட்டேன், அவர் மிதித்தார். கருவிழியின் ஓரத்தில் ஊசிமுனையளவு காயம். உள்ளே, அடியில், கறுப்பாக ஒரு துண்டு மின்னியது. எள்ளில் பாதி இருக்கும். அவருக்குப் பார்வை நன்றாக இருந்தது. சுவரில் நான் ஒட்டியிருந்த எழுத்துகளில் கடைசி வரிக்கு முதல் வரிவரை அந்தக் கண்ணாலேயே வாசித்தார். ஒரு மாதத்துக்குள் நல்ல இடத்தில் எடுத்தால் அந்தக் கண் பிழைக்கும். அதை எடுக்கும்போது வரும் சத்தம்கூட எனக்குக் காதில் கேட்டது.

பாதை அப்போது மூடியிருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "இரும்பு உள்ளே இருக்கிறது, பாதை திறக்கும்வரை பொறுங்கோ" என்று. சொல்லத்தான் வாயெடுத்தேன். யாக்கோப்பு மிதியை நிறுத்திவிட்டு, இருட்டுக்குள் நின்று, "ஐயா, இப்ப எடுக்கலாமோ? இப்பவே எடுத்துவிடுங்கோ ஐயா" என்றார். அந்தக் குரலுக்கு இல்லை என்று சொல்ல எந்த மனிசனால் முடியும்?

"மிதியுங்கோ" என்றேன்.

அவர் மிதித்தார். அரை மணித்தியாலம் மிதித்தார். வியர்வை நிலத்தில் சொட்டிய சத்தம் கேட்டது. அந்த வெளிச்சத்தில் நான் யூலிற்றாவின் இமைகளைத் துடைத்தேன், மருந்து விட்டேன், ஆயுதங்களை எடுத்து வைத்தேன். கடைசியில் தட்டத்தில் ஒரு துண்டைப் போட்டேன்.

"எடுத்தாச்சு."

யாக்கோப்பு சைக்கிளிலிருந்து இறங்கி என் காலைத் தொட வந்தார். நான் விடவில்லை. அந்தத் துண்டைக் கேட்டு வாங்கி, ஒரு மருந்துக் குப்பியில் போட்டு, செபமாலையோடு சேர்த்துக் கழுத்தில் கட்டிக்கொண்டார். கிளினிக் கொப்பியில் நான், "வலது கண், இரும்புத் துண்டு அகற்றப்பட்டது" என்று எழுதினேன். எழுதாமல் விட்டால் மற்றவர்களின் பக்கங்களோடு ஒத்துப்போகாது.

அடுத்த தடவை யூலிற்றா எனக்குக் கருவாடு கொண்டுவந்தார். அந்தோனியாருக்கு என் பேரில் மெழுகுதிரி கொளுத்தியதாகச் சொன்னார். யாக்கோப்பு இப்போது சாப்பிடுகிறாராம், கடலுக்குப் போகிறாராம். ஆன்சலா என்று ஏழு வயதில் ஒரு மகள். "அப்பாவுக்குச் சுகம் வந்திட்டுது" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாளாம். ஒரு சொல்லால் ஒரு வீடு நிமிர்ந்துவிட்டது.

இருபத்துநாலு நாளில் பாதை திறந்தது. வண்டி வந்தது. நான் யூலிற்றாவின் பெயரைக் கொடுக்கவில்லை. எடுத்தாயிற்று என்று எழுதிய ஒருவரை எதற்காக அனுப்புகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது? வவுனியாவில் எக்ஸ்ரே பிடிப்பார்கள். துண்டு தெரியும். பிறகு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்ப்பார்கள். ஆண்டியப்பனுக்குத் தெரியவரும், மற்றவர்களுக்குத் தெரியவரும். அத்தனை பேருடைய நித்திரையும் போகும். தூசியோடு வருகிறவர்களும் வராமல் நின்றுவிடுவார்கள், சின்னப் புண் பெரிய புண்ணாகும். ஒரு கண்ணை ஒரு பக்கத்திலும் நூறு கண்களை மறுபக்கத்திலும் வைத்து யோசித்தேன். நான் அவசரப்பட்டு முடிவெடுக்கிறவன் அல்ல.

ஆனி மாதம் யூலிற்றா வந்து, "பின்னேரமானா வலப்பக்கம் ஒரு புகை மாதிரிக் கிடக்கு ஐயா. ஊசியில நூல் கோக்கேலாமக் கிடக்கு" என்றார். பார்த்தேன். இடது கண்ணில் கருமணியைச் சுற்றிக் கறுப்பு. வலது கண்ணின் கருமணியைச் சுற்றி மண்ணிறம் ஏறியிருந்தது, பழைய தண்ணீர்க் குழாயின் வாயில் படிவதைப் போல. நான் புத்தகத்தில் மட்டும் பார்த்த நிறம்.

"களைப்பு," என்றேன். "இரத்தம் குறைவு. முருங்கையிலை சாப்பிடுங்கோ."

அப்போது எங்களுக்குப் புதிதாக ஒரு டொக்டர் வந்திருந்தார். சுமித்திரா என்று பெயர், இருபத்தெட்டு வயது. மலேரியாக் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் அவர் ஒருவர்தான். போகிற வழியில் நின்று யூலிற்றாவின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"கனகலிங்கம் அண்ணை, இவாவின்ர ரெண்டு கண்ணும் ரெண்டு நிறமாயெல்லோ கிடக்கு. துண்டு முழுக்க எடுத்தனீங்களோ?"

"ஓம் டொக்டர். கொப்பியில இருக்கு."

அவர் கொப்பியைப் பார்த்தார். பிறகு, "எண்டாலும் ஒருக்கா வவுனியாவில காட்டுவம்" என்று சொல்லி, பட்டியலில் தன் கையாலேயே யூலிற்றாவின் பெயரை எழுதி, அனுமதிக்கு அனுப்பினார். அனுமதி வந்தது. ஆடி மாதம் பதினேழாம் திகதி வண்டி. ஆறு பெயர்கள். ஐந்தாவது யூலிற்றா.

பதினேழாம் திகதி டொக்டர் சுமித்திரா காய்ச்சல் பார்க்கக் குடியிருப்புகளுக்குப் போயிருந்தார். பட்டியலை வாசித்து ஆட்களை ஏற்றும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார். யூலிற்றாவும் யாக்கோப்பும் ஏழு மணிக்கே வந்துவிட்டார்கள். யூலிற்றா நல்ல சேலை ஒன்று உடுத்தியிருந்தார். துணிப்பையில் மாற்றுடுப்பும் பாணும் இருந்தன.

நான் யாக்கோப்பைக் கூப்பிட்டு, யூலிற்றாவின் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் ஏற்றமாட்டார்கள் என்று சொன்னேன். அப்படி ஒரு விதி இல்லை. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். போய்வர நாலு மணித்தியாலம். பிறகு யூலிற்றாவை உள்ளே கூட்டிப்போய், பயணத்துக்கு முன் போடவேண்டும் என்று இரண்டு கண்ணுக்கும் மருந்து விட்டு, இரண்டையும் பஞ்சு வைத்துக் கட்டினேன். அந்த அடைத்த அறையில் ஒரு மரவாங்கில் இருத்தினேன். "நான் வந்து அவிழ்க்குமட்டும் அசையக்கூடாது."

"ஓம் ஐயா."

வண்டி பத்து மணிக்கு வந்தது. நான் முற்றத்தில் நின்று பெயர்களை வாசித்தேன். ஐந்தாவது பெயரையும் வாசித்தேன், கொஞ்சம் மெதுவாக. யாரும் வரவில்லை. வண்டியோடு வந்தவர், "கால் மணித்தியாலம் நிப்பம், ஆள் பக்கத்தில எங்கயும் இருக்கும்" என்றார். நின்றார்கள். நான் அவர்களுக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். கால் மணித்தியாலம் என்றது இருபத்தைந்து நிமிடமாயிற்று. ஒரு இடம் வெறுமையாகவே வண்டி போயிற்று.

உள்ளே போனபோது யூலிற்றா நான் இருத்தியபடியே இருந்தார். கை இரண்டும் பையின் மேல்.

"ஐயா, வண்டிச் சத்தம் ஒண்டு கேட்டது. வந்திட்டுதோ?"

"அது சாமான் லொறி" என்றேன்.

பின்னேரம், இந்த முறை கண் ஆட்களை ஏற்றவில்லையாம் என்று இருவருக்கும் சொன்னேன். யாக்கோப்பு சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். யூலிற்றாதான் அவரைத் தேற்றினார். "போனாப் போகட்டும். இரும்பைத்தான் ஐயா எடுத்திட்டாரே. இனி என்ன?"

மறுநாள் டொக்டர் சுமித்திரா கேட்டார். "யூலிற்றா போனவாவோ?"

"அவா வரேல்ல டொக்டர்."

அவர் பெருமூச்சு விட்டுப் பட்டியலில் அந்தப் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று எழுதினார். ஆவணியில் அவருக்கு வேறிடத்துக்கு மாற்றம் வந்தது.

ஐப்பசியில் யூலிற்றாவின் இடது கண் சிவந்தது. வெளிச்சத்தைப் பார்க்கமுடியாமல் சேலைத்தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வந்தார். உடன்பிறந்த கண்ணும் நோயில் விழுந்துவிட்டது என்று எனக்குப் பார்த்தவுடனேயே தெரிந்தது. அன்று ஒரு கடிதம் எழுதி எப்படியாவது அனுப்பியிருந்தால் அந்தக் கண்ணிலாவது ஏதோ மிஞ்சியிருக்கும். எழுதக் கடுதாசி எடுத்தேன். "வலது கண்ணில்" என்று தொடங்கி, அதற்கு மேல் என்ன எழுதுவதென்று தெரியாமல் வைத்துவிட்டேன். கழுவும் மருந்து கொடுத்தேன். என்னிடம் வேறு மருந்து இருக்கவுமில்லை.

1999 பங்குனிக்குள் இரண்டும் போய்விட்டன. பிறகும் அவர்கள் வந்தார்கள். மகள் ஆன்சலா கையைப் பிடித்துக் கூட்டிவருவாள். நான் வணக்கம் சொன்னதும் யூலிற்றா என் குரல் வந்த பக்கம் திரும்புவார். ஒரு நாள் சொன்னார்: "நீங்கள் அண்டைக்கு எடுத்தபடியாத்தான் ஐயா இவ்வளவு காலமாவது எனக்குப் பிள்ளையின்ர முகம் தெரிஞ்சது. இல்லாட்டி அப்பவே போயிருக்கும்." யாக்கோப்பு பக்கத்தில் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். கழுத்தில் குப்பி கிடந்தது. அவர் குற்றமில்லாத மனிசனாக நின்றார். அதை நான்தான் அவருக்குக் கொடுத்தேன் என்று அப்போது நினைத்தேன்.

இந்த வருடம் கன்னியாஸ்திரி ஒருவர் யூலிற்றாவை வவுனியாவுக்குக் கூட்டிப்போனார். எக்ஸ்ரே பிடித்தார்கள். துண்டு கிடந்த இடத்தில் கிடந்தது. அதன் பிறகு முறைப்பாடு உங்களிடம் வந்தது. செய்தி கேட்ட யாக்கோப்பு என்னிடம் வந்தார். ஏசவில்லை, அடிக்கவில்லை. "அப்ப அண்டைக்கு நான் மிதிச்சது எதுக்கு ஐயா?" என்று மட்டும் கேட்டார். பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அவர் இப்போது கடலுக்குப் போவதில்லை என்று கேள்விப்படுகிறேன்.

நான் பதினான்கு பேருக்கு இல்லாத சத்திரசிகிச்சை செய்தேன். கொப்பியில் பொய் எழுதினேன். யூலிற்றாவின் கண்களைக் கட்டி இருட்டறையில் இருத்திவிட்டு, அவருக்காக வந்த வண்டியை வெறுமையாக அனுப்பினேன். இதில் எதையும் மறுக்கவில்லை. எங்கே கேட்டாலும் கையெழுத்திடுவேன்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு பிழை இருக்கிறது. "கவனக்குறைவான சத்திரசிகிச்சையினால் நோயாளியின் கண்ணுக்குக் கெடுதி விளைவித்தமை" என்று எழுதியிருக்கிறீர்கள். பதினொரு வருடம் நல்ல நிபுணரிடம் வேலை பழகியவன் நான். அந்த வரியை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. தயவுசெய்து அதை மட்டும் திருத்திவிடுங்கள். யூலிற்றாவின் கண்ணில் என் ஆயுதம் எதுவும் படவே இல்லை.